சாம்பிளில் இருந்த தப்பு

என்னை ராக் டிரம்மர் என்று சொன்னால் திருப்பூரில் யாருக்கும் புரியாது. ஆர்கெஸ்ட்ராவில் டிரம்ஸ் அடிக்கிறவர் என்றால் கொஞ்சம் புரியும். பனியன் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசர் என்றால் சேரை இழுத்துப் போட்டு உட்காரச் சொல்வார்கள். மூன்று பேரும் நான்தான். பெயர் ராஜபாண்டி. சொந்த ஊர் உசிலம்பட்டி பக்கம்.

பன்னிரண்டு வருஷம் டூரிங் டிரம்மராக இருந்தேன். பெரிய வார்த்தையாக இருக்கிறதே என்று மிரள வேண்டாம். போஸ்டரில் நான்கு பேர் யாரையோ கொல்லப் போகிற மாதிரி முறைத்துக்கொண்டு நிற்பார்கள். மேடையில் ஐந்து பேர் இருப்பார்கள். அந்த ஐந்தாவது ஆசாமிதான் டூரிங் டிரம்மர். பெங்களூர், வேலூர், மணிப்பால், ஒரு தடவை ஷில்லாங் வரைக்கும் ரயிலில் கக்கூஸ் பக்கத்து சீட்டில் டிரம் பெட்டிகளைக் கட்டிப்பிடித்துக்கொண்டே போய்வந்திருக்கிறேன். மேடையில் பாட்டுக்காரன் முடியை ஆட்டுவான், கிடார்காரன் கண்ணை மூடிக்கொண்டு மோட்சத்துக்குப் போய்விடுவான், காலேஜ் பிள்ளைகள் அலறுவார்கள். கடைசியில் ஒவ்வொருவராக அறிமுகப்படுத்துவார்கள். என்னிடம் வரும்போது மட்டும் பாட்டுக்காரனுக்குப் பெயர் மறந்துபோகும். "நம்ம திருப்பூர் அண்ணா!" என்பான். அதற்கும் கைதட்டுவார்கள், பாவம், நல்ல பிள்ளைகள்.

செஷன் வேலை இன்னும் விசேஷம். ஸ்டுடியோவுக்குக் கூப்பிடுவார்கள், கண்ணாடி ரூமுக்குள் அடைப்பார்கள், அடித்துக் கொடுத்துவிட்டுப் போய்க்கொண்டே இருக்க வேண்டும். சீடி வரும்போது உறையில் நம் பெயரைத் தேடக் கூடாது. சமையல்காரர் கல்யாணப் பத்திரிகையில் தன் பெயரைத் தேடுவாரா? நான் தேடுவேன். அதுதான் என்னிடம் இருந்த வியாதி.

2001-இல் சுரேந்தர் வந்தான். அவிநாசி ரோட்டில் இருக்கிற நஞ்சம்மாள் எக்ஸ்போர்ட்ஸ் முதலாளி கிட்டுசாமியின் ஒரே மகன். கோயமுத்தூரில் இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்தான், அதாவது காலேஜ் பக்கம் அடிக்கடி போய்வந்துகொண்டிருந்தான். நான்கு பையன்கள் சேர்ந்து 'பிளாக் போர்வெல்' என்று ஒரு ராக் பேண்ட் வைத்திருந்தார்கள். ஆயிரம் அடி இறக்கியும் தண்ணீர் வராத துளைகள் நிறைந்த சீமையில் பொருத்தமான பெயர்தான். டிரம்மர் சுரேந்தர். பேண்டிலேயே உயர்ந்த ரக டிரம் செட் அவனுடையது, சிங்கப்பூரிலிருந்து அப்பா வரவழைத்துக் கொடுத்தது. வாசிக்கத்தான் ஆள் இல்லை.

ஆறு பாட்டு சீடி போட ஸ்டுடியோ பிடித்தார்கள். காதில் தாளம் காட்டும் 'டிக் டிக்' ஓடும், அதோடு சேர்ந்து அடிக்க வேண்டும். சுரேந்தர் அந்த டிக் டிக்கை ஒரு பாட்டுக்குள் மூன்று தடவை முந்தினான், நான்கு தடவை பிந்தினான். சவுண்டு இன்ஜினியர் குமாரவேல் பொறுமையான மனிதர். அவரே ஹெட்போனைக் கழற்றி மேஜை மேல் வைத்துவிட்டார். சாயந்திரம் எனக்கு போன் வந்தது.

"அண்ணா, கொஞ்சம் வந்து அடிச்சுக் குடுங்ணா. உங்க பேரு கண்டிப்பா போட்டுர்லாங்ணா" என்றான் சுரேந்தர்.

போனேன். இரண்டு நாளில் ஆறு பாட்டும் முடித்தேன். மூன்றாவது பாட்டில்தான் வினை. இரண்டாவது நிமிஷம் முடிகிற இடத்தில் நீளமாக ஒரு உருட்டு வரும். எல்லா டிரம்மிலும் உருண்டு வந்து கடைசியில் பெரிய சிம்பலில், அந்தப் பித்தளைத் தட்டில், போய் விழ வேண்டும். ஏசி சத்தம் மைக்கில் ஏறும் என்று அணைத்து வைத்திருந்தார்கள். வேர்வை முழங்கை வழியாக வடிந்தது. வலது கைக் குச்சி வழுக்கி டிரம்மின் இரும்பு விளிம்பில் 'டக்' என்று பட்டது. அதைப் பிடித்துச் சுதாரிப்பதற்குள் சிம்பல் அரை மாத்திரை பிந்தி விழுந்தது. இன்னொரு தடவை எடுக்கலாம் என்றேன். குமாரவேலும் சரி என்றார். மின்சார வாரியம் சரி என்று சொல்லவில்லை. கரண்ட் வருவதற்குள் எங்களுக்குக் கொடுத்த நேரம் முடிந்துவிட்டது.

"பரவால்லீங்ணா. யாருக்குங்ணா தெரியப் போவுது" என்றான் சுரேந்தர்.

சீடி வந்தது. உறையில் கடவுளுக்கு நன்றி, அப்பா அம்மாவுக்கு நன்றி, ஹாஸ்டல் வார்டனுக்கு நன்றி, காலேஜ் கேட்டுக்கு எதிரே டீக்கடை வைத்திருந்த ராக்கையாவுக்குக்கூட நன்றி. டிரம்ஸ்: சுரேந்தர். கேட்டேன். "பிரிண்டிங்ல உட்டுப் போச்சுங்ணா. அடுத்த சீடில கண்டிப்பா" என்றான். அடுத்த சீடி இன்றுவரை வரவில்லை.

பெயர் போனதைவிட அந்த 'டக்' என்னை அதிகமாக அரித்தது. சொன்னால் சிரிப்பீர்கள். வீட்டில் தலையணையை மடியில் வைத்துக்கொண்டு அந்த உருட்டை மட்டும் அடித்துப் பழகினேன். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, ஆறு வருஷம். குச்சி வழுக்கக் கூடாது, சிம்பல் சொன்ன நேரத்தில் விழ வேண்டும். "அந்தத் தலகாணி உங்களுக்கு என்னங்க பாவம் பண்ணுச்சு?" என்று என் மனைவி நாகஜோதி கேட்பாள். ஆறு வருஷத்தில் மூன்று தலையணை பஞ்சு பஞ்சாகப் பிரிந்தது.

இதற்கிடையில் உலகம் முன்னேறியது. ஸ்டுடியோவில் கம்ப்யூட்டரே டிரம்ஸ் அடிக்க ஆரம்பித்தது. அதற்கு வேர்க்காது, டீ கேட்காது, பெயரும் கேட்காது. கல்யாணக் கச்சேரிகளில் கைப்பெட்டி அளவு ரிதம் பேட் வந்து உட்கார்ந்துகொண்டது. 2005-இல் நான் நஞ்சம்மாள் எக்ஸ்போர்ட்ஸில் செக்கிங் சூப்பர்வைசர். சேர்த்துவிட்டவன் சுரேந்தர். பெரிய மனசு. நாகஜோதி அங்கே ஏற்கெனவே செக்கிங்கில் இருந்தாள். ஆக, மாமியார் வீட்டுக்குப் போன மாப்பிள்ளை மாதிரி போய்ச் சேர்ந்தேன்.

அங்கேதான் சீல் சாம்பிள் என்கிற தெய்வத்தைத் தரிசித்தேன். ஆர்டர் கொடுக்கிற வெளிநாட்டு பையருக்கு முதலில் ஒரு பீஸ் தைத்து அனுப்புவோம். அவன் பார்த்து ஓகே சொல்லி, சீல் வைத்துத் திருப்பி அனுப்புவான். அதற்கப்புறம் தைக்கிற ஆயிரம், பத்தாயிரம் பீஸும் அதே மாதிரி இருக்க வேண்டும். நன்றாக இருக்க வேண்டும் என்று சொல்லவில்லை, அதே மாதிரி. ஒரு தடவை சாம்பிள் தைத்தவன் பாக்கெட்டைக் கால் இஞ்ச் கோணலாக வைத்துத் தொலைத்துவிட்டான். பையர் கவனிக்காமல் சீல் வைத்துவிட்டான். அவ்வளவுதான், பன்னிரண்டாயிரம் பீஸும் கோணலாகவே தைத்தோம். பெரியகருப்பன் என்கிற டெய்லர் மட்டும் மனசு கேட்காமல் நானூறு பீஸை நேராகத் தைத்து வைத்தான். நானூறையும் ரிஜெக்ட் போட்டது நான்தான்.

"நேராத்தானய்யா தச்சிருக்கேன்!" என்று கத்தினான் பெரியகருப்பன்.

"யாருய்யா ஒன்ன நேராத் தைக்கச் சொன்னது?" என்று நானும் கத்தினேன். இந்த வசனத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நான் மறந்துவிட்டேன்.

முதலாளி கிட்டுசாமியைப் பற்றிச் சொல்ல வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு துணியைக் கட்டை விரலால் தடவி, விட்டுப்போன ஒரு தையலைக் கண்டுபிடித்துவிடுவார். பொய் பேச மாட்டார், பேசுகிறவனையும் பக்கத்தில் சேர்க்க மாட்டார். மகன் விஷயத்தில் மட்டும், 'அவன் சொன்னான், நான் நம்பினேன்' என்பதோடு சரி. காரில் அந்த சீடி ஒன்றுதான் ஓடும். அவருக்கு இங்கிலீஷ் பாட்டில் ஒரு வார்த்தை புரியாது. ஆனாலும் ஏறுகிற பையர் அத்தனை பேரையும் கேட்க வைப்பார். "நம்ம பையன் அடிச்சதுங்க" என்று தமிழிலேயே சொல்வார். அவர்களும் ஆர்டர் வேண்டுமே என்று தலையாட்டுவார்கள்.

2007 ஜனவரியில் டீட்டர் என்று ஒரு ஜெர்மன்காரர் வந்தார். ராக் பேண்டுகள் ஊர் ஊராகப் போகும்போது விற்கிற டி-சர்ட்தான் அவருக்கு வியாபாரம். இளவயதில் அவரே டிரம்மராக இருந்தவராம். காரில் ஏறினார், சீடி ஓடியது, மூன்றாவது பாட்டு வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தாராம். திரும்பப் போடச் சொன்னாராம். மறுநாள் காலையில், பையர்களோடு பேசுகிற வேலையில் இருந்த மெர்ச்சண்டைசர் அனுப்பிரியா மூச்சு வாங்க செக்கிங் செக்ஷனுக்கு ஓடி வந்தது.

"அண்ணா, விசயம் தெரியுங்ளா? நம்ம சுரேந்தரண்ணாவ ஜெர்மனிக்குக் கூப்பிடறாங்க. டீட்டர் சாரோட ஃபிரெண்டு பேண்ட்ல டிரம்மருக்குக் கையொடஞ்சு போச்சாமா. ஏப்ரல்ல இருந்து நாப்பது நாளு டூருங்க. இருவத்திரண்டு ஊரு. அந்த சீடியக் கேட்டே புடிச்சுப் போச்சாமா!"

நாற்பது நாள், இருபத்திரண்டு ஊர். என் கையில் இருந்த பீஸ் கீழே விழுந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்த மனிதர் கேட்டது என் கையை. பன்னிரண்டு வருஷத்தில் ஒருவர் கேட்டு, நிமிர்ந்து உட்கார்ந்து, இந்த ஆள் வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். அந்த ஆளுக்குப் பெயர் சுரேந்தராம்.

பக்கத்து மேஜையிலிருந்து நாகஜோதி என்னைப் பார்த்தாள். "என்னங்க, மரம் மாதிரி நிக்கிறீங்க? போய்ச் சொல்லுங்க. வேல போனாப் போகுது" என்றாள்.

போனேன். கிட்டுசாமியின் ரூமில் டீட்டர் இருந்தார், சுரேந்தரும் இருந்தான்.

"மொதலாளி, அந்த சீடில அடிச்சது நான்" என்றேன்.

கிட்டுசாமி கண்ணாடியைக் கழற்றினார். "ஏனுங்க ராஜபாண்டி, காத்தால ஏதாச்சும் சாப்பிட்டீங்களா இல்லீங்களா?"

"சத்தியமா மொதலாளி. ஆறு பாட்டும் நாந்தான் அடிச்சேன். தம்பியக் கேளுங்க."

சுரேந்தர் சுவரில் மாட்டியிருந்த முருகன் காலண்டரைப் பார்த்தான். "அண்ணா கொஞ்சம் ஹெல்ப் பண்ணாருங்ப்பா" என்றான்.

"ஹெல்ப்புன்னா என்னடா? குச்சி எடுத்துக் குடுத்தாரா?"

அவன் காலண்டரில் தேதி தேட ஆரம்பித்தான். கிட்டுசாமி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அனுப்பிரியாவைக் கூப்பிட்டு டீட்டருக்கு எல்லாவற்றையும் இங்கிலீஷில் சொல்லச் சொன்னார். அப்புறம் திருப்பூர் முதலாளி எப்படித் தீர்ப்பு சொல்வாரோ அப்படிச் சொன்னார்.

"பேச்செதுக்குங்க? சாம்பிள் கையில இருக்குது. ரெண்டு பேரும் அடிங்க. ஒத்துப் பாத்துக்கலாம்."

எனக்கு நெஞ்சு லேசாகிவிட்டது. சுரேந்தரும் நானும் ஒரே டிரம் செட்டில் பத்து நிமிஷம் வாசித்தால் செவிடனுக்கும் தெரிந்துபோகும், குமாரவேலைத் தேடிப்பிடித்துச் சாட்சிக்குக் கூப்பிட வேண்டியதே இல்லை. சுரேந்தரின் செட்டை வீட்டிலிருந்து கம்பெனி வேனில் கொண்டுவந்து டைனிங் ஹாலில் இறக்கினார்கள். மத்தியானச் சாப்பாட்டு நேரம். தட்டோடும் தூக்குப்போசியோடும் முந்நூறு பேர் சுற்றி நின்றார்கள். மணிப்பாலில்கூட எனக்கு இவ்வளவு நெருக்கமாகக் கூட்டம் நின்றதில்லை, சாம்பார் வாசனையும் இருந்ததில்லை.

மூன்றாவது பாட்டை ஸ்பீக்கரில் ஒரு தடவை போட்டார்கள். கிட்டுசாமி கண்ணை மூடிக்கொண்டு கட்டை விரலை மற்ற விரல்களில் தேய்த்துக்கொண்டே கேட்டார். துணி பார்க்கிற மாதிரியே.

முதலில் சுரேந்தர் உட்கார்ந்தான். சும்மா சொல்லக் கூடாது, பையன் தேறியிருந்தான். அந்த சீடியோடு சேர்ந்து அடித்து அடித்தே பழகியிருந்தான். அது ஒன்றுதான் அவனுக்குத் தெரியும், ஆனால் அது நன்றாகவே தெரியும். அங்கங்கே ஓடினான், அங்கங்கே நொண்டினான். இரண்டாவது நிமிஷத்து உருட்டு வந்தது. உருட்டினான். 'டக்'. அரை மாத்திரை பிந்திச் சிம்பல்.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அட கிறுக்கா! என் வாசிப்பைத் திருடியவன் என் தப்பையும் சேர்த்துத் திருடியிருக்கிறானே! அது தப்பு என்றுகூடத் தெரியாமல், சுத்தமாக, கோடு போட்ட மாதிரி அடித்து வைத்திருக்கிறான். இருடா தம்பி, அந்த இடத்தில் என்ன வர வேண்டும் என்று அண்ணன் காட்டுகிறேன் என்று குச்சியை வாங்கிக்கொண்டு போய் உட்கார்ந்தேன்.

வாசித்தேன். என்னைப் பற்றி நானே சொல்லிக்கொள்வது அழகில்லை. ஆனால் அன்றைக்கு அடித்த மாதிரி நான் ஷில்லாங்கிலும் அடிக்கவில்லை. அந்த இடம் வந்தது. ஆறு வருஷத்துத் தலையணையும் என் கையில் இருந்தது. உருட்டு எண்ணெய் மாதிரி வழிந்து ஓடியது. 'டக்' இல்லை. சிம்பல் ஒரு மயிரிழை பிந்தாமல் விழுந்தது. முந்நூறு பேரும் தட்டில் கரண்டியால் தட்டினார்கள். பெரியகருப்பன் விசிலடித்தான், நானூறு பீஸ் பகையை மறந்து. நான் நாகஜோதியைத் தேடினேன். கூட்டத்தில் அவள் ஒருத்திதான் தட்டாமல் நின்றாள். முகம் வெளுத்திருந்தது. அவளும் செக்கிங்தானே, என்னைவிடச் சீக்கிரம் கண்டுபிடித்துவிட்டாள்.

கிட்டுசாமி கண்ணைத் திறந்தார்.

"நல்லா அடிச்சீங்க ராஜபாண்டி. பையன விட நல்லாவே அடிச்சீங்க. ஆனா சாம்பிள்ல அந்த எடத்துல டக்குன்னு ஒண்ணு வருதுங்களே, அது உங்குளுதுல எங்கீங்க?"

"அது தப்பு மொதலாளி. குச்சி வழுக்கிருச்சு. அதைத்தான் இப்பச் சரி பண்ணி..."

பாதியில் என் வாய் நின்றுவிட்டது. கூட்டத்தில் பெரியகருப்பனின் விசிலும் நின்றுவிட்டது. அவனும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

"நீங்களே செக்கிங்ல இருக்கறவரு" என்றார் கிட்டுசாமி. கோபமாகச் சொல்லவில்லை, வருத்தப்பட்டுத்தான் சொன்னார். "உங்குளுக்கு நாஞ் சொல்லோணுங்களா?"

டீட்டர் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அனுப்பிரியா தயங்கித் தயங்கித் தமிழில் சொன்னது. ரொம்ப நல்ல டிரம்மர் நீங்கள் என்கிறார். ஆனால் சீடியில் இருக்கிற ஆள் அந்த இடத்தில் தடுமாறி, சட்டென்று எழுந்துவிடுகிறானாம். அந்தத் தடுமாற்றத்துக்காகத்தான் அவனைக் கூப்பிட்டாராம். அது மெஷின் இல்லை, மனுஷன் என்று தெரிந்ததாம்.

"இன்னொரு தடவ, மொதலாளி. டக் வச்சே வாசிக்கிறேன்" என்றேன். கெஞ்சினேன் என்பதே சரி.

"ரிஜெக்ட் ஆன பீஸத் திருத்தி மறுபடியும் கலக்கறது நம்ம கம்பெனில கெடையாதுங்களே" என்றார் கிட்டுசாமி. அந்த விதியை செக்கிங் செக்ஷன் சுவரில் எழுதி ஒட்டியிருப்பதே நான்தான்.

கை கழுவுகிற இடத்தில் சுரேந்தர் வந்தான். தலையைக் குனிந்துகொண்டு, "மனசுல வெச்சுக்காதீங்ணா. இந்தத் தடவ எங்கயாச்சும் உங்க பேரு போடச் சொல்றேங்ணா" என்றான். அடித்திருக்கலாம். கையில் சோப்பு இருந்தது.

ஜெர்மனி போனான். பதினோராவது நாளே திரும்பி வந்துவிட்டான். அந்த பேண்ட்காரர்கள் போன இடத்தில் புதுப் பாட்டு வாசிக்கச் சொன்னார்களாம். புதுப் பாட்டுக்கு சாம்பிள் ஏது? உடம்புக்கு முடியவில்லை, அங்கே ஒரே குளிர் என்று ஊரில் சொல்லிக்கொண்டார்கள். எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். இல்லை. ஏனென்றால் அவன் கிளம்புவதற்கு முன்பே நடந்த ஒன்றை நான் இன்னும் சொல்லவில்லை.

அந்த டூருக்கு டி-சர்ட் தைத்தது நாங்கள்தான். கறுப்பு டி-சர்ட், முதுகில் வெள்ளை எழுத்து. இருபத்திரண்டு ஊரின் பெயரும், அதற்குக் கீழே வாசிக்கிறவர்களின் பெயரும். டிரம்ஸ்: சுரேந்தர். நாற்பது நாளைக்கு வந்துபோகிற டூரிங் டிரம்மரின் பெயரைக்கூட முதுகில் அச்சடிக்கிற தேசம் ஒன்று இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். சீல் வைத்த சாம்பிள் என் மேஜைக்கு வந்தது. பதினோரு மணிக்கு செக்கிங் ஆரம்பித்தது.

பழுது இருக்கிற இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும், அதுதான் செக்கிங். நாகஜோதியின் மேஜையில் பன்னிரண்டு பீஸ் தனியாகக் கிடந்தது. எடுத்துப் பார்த்தேன். தையல் சுத்தம், அச்சு சுத்தம். பன்னிரண்டிலும் ஒரே இடத்தில் அம்பு ஒட்டியிருந்தாள். சுரேந்தரின் பெயர் மேல்.

"என்ன இது?"

"தப்பு இருக்கு. அம்பு போட்ருக்கேன்ல, கண்ணு தெரியலயா?"

"சாம்பிளப் பாரு. அதுலயும் அப்படித்தான இருக்கு?"

"ஆறு வருசமா எந் தலகாணியப் போட்டு அடிச்சது யாருங்க?" என்றாள் நாகஜோதி. மெதுவாகத்தான் கேட்டாள். "அந்தச் சுரேந்தரா?"

பக்கத்து மேஜைப் பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். சாயந்திரம் ஆறு மணிக்கு லாரி வந்து நிற்கும். சாம்பிளை விரித்து, பன்னிரண்டு பீஸையும் ஒவ்வொன்றாக அதன் மேல் வைத்து ஒத்துப் பார்த்தேன். எழுத்து, இடம், நிறம் எல்லாம் அச்சு அசலாக இருந்தது. நகத்தால் கிள்ளி ஸ்டிக்கரை உரித்தேன். பன்னிரண்டையும் பாஸ் போட்டேன்.

அன்றைக்குக் கம்பெனி வேனில் நாகஜோதி என் பக்கத்தில் உட்காரவில்லை.